லீவ் லெட்டரில் நோயின் பெயரை எவ்வளவு சொல்லலாம்

மதுரை புதூரில் பதினெட்டு வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பக்கத்திலேயே மூன்று நான்கு பள்ளிக்கூடங்கள். ஜூன் மாதம் முழுக்க சாதிச் சான்று, வருமானச் சான்று என்று ஓடும். மழை பிடித்ததும் காய்ச்சல் வரும், கூடவே லீவ் லெட்டரும் மெடிக்கல் சர்டிஃபிகேட்டும் வரும். எழுதத் தெரியாத அம்மாக்களுக்கு நானே உட்கார்ந்து எழுதிக் கொடுப்பேன். இத்தனை வருஷத்தில் நான் நகல் எடுத்த ஆஸ்பத்திரிக் காகிதம் ஆயிரக்கணக்கில் இருக்கும்.

இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு அக்கறை வந்ததற்குக் காரணம் என் மகள். ஏழாம் வகுப்பு படிக்கும்போது அவளுக்கு வலிப்பு வந்தது. பெரியாஸ்பத்திரியில் ஐந்து நாள் வைத்திருந்தோம். வீட்டுக்கு வந்து ஒரு நாள் ஓய்வு, ஆக ஆறு நாள் லீவு. டிஸ்சார்ஜ் சம்மரி மூன்று பக்கம். அதை அப்படியே ஜெராக்ஸ் எடுத்து, மேலே ஒரு லெட்டரைப் பின் பண்ணி வகுப்பு டீச்சரிடம் கொடுத்துவிட்டேன். டீச்சர் கெட்டவர் இல்லை. பிள்ளைக்கு எதுவும் ஆகிவிடக் கூடாதே என்ற பதற்றத்தில் வகுப்பிலேயே வாசித்துவிட்டார். “இவளுக்கு வலிப்பு வருமாம், யாரும் இவளை ஓட விடாதீங்க, பக்கத்துல உக்கார்றவங்க பாத்துக்கங்க.”

மறுநாள் சாயங்காலம் மகள் புத்தகப் பையைத் திறந்து ஒரு சாவிக்கொத்தை எடுத்து என் மேஜையில் வைத்தாள். துருப்பிடித்த வளையத்தில் நாலு சாவி. எங்கள் வீட்டுச் சாவி இல்லை. “இது எதுக்கும்மா என் பையில கெடக்கு?” என்று கேட்டாள். பக்கத்து பெஞ்சுப் பிள்ளை தன் வீட்டிலிருந்து எடுத்து வந்து போட்டிருக்கிறது. வலிப்பு வந்தால் இரும்பைக் கையில் கொடுக்க வேண்டும் என்று அதன் பாட்டி சொல்லியிருக்கிறார். அந்தப் பிள்ளையும் நல்லது நினைத்துத்தான் செய்தது. ஆனால் என் மகள் அதற்குப் பிறகு இரண்டு வாரம் பள்ளிக்கூடப் பக்கமே போக மாட்டேன் என்றாள்.

பள்ளிக்கூடம் என்னிடம் கேட்டது ஆறு நாளைக்கான கணக்கு. நான் கொடுத்ததோ அவள் மூளையை ஸ்கேன் எடுத்ததில் என்ன தெரிந்தது என்பது வரைக்கும். அந்தக் காகிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். அன்றிலிருந்து என் கடைக்கு வருகிற ஒவ்வொரு பெற்றோரிடமும் இதைச் சொல்கிறேன்: லீவுக்கான காகிதம் வேறு, பிள்ளையின் பாதுகாப்புக்கான காகிதம் வேறு. இரண்டையும் சேர்த்துப் பின் பண்ணாதீர்கள். முதல் காகிதம் பல கைகளுக்குப் போகும். வகுப்பு டீச்சர், ஆபீஸ் கிளார்க், சில சமயம் அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிற மாணவன் வரை அதைப் பார்ப்பார்கள். அதில் தேதி இருந்தால் போதும். இரண்டாவது காகிதம் நீங்கள் தேர்ந்தெடுத்த இரண்டு மூன்று பேரிடம் மட்டும்தான் போக வேண்டும்.

லெட்டர்

முதல் நாள் காலையிலேயே வகுப்பு டீச்சருக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். அவருடைய தனி எண்ணுக்குச் சொல்லுங்கள், வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் வேண்டாம். குரூப்பில் “பாப்பாவுக்கு ரெண்டு நாளா வயித்தால போகுது மிஸ், இன்னைக்கு வரமாட்டா” என்று ஒரு அம்மா போட்டால் அதை நாற்பது வீட்டிலும் படிக்கிறார்கள். படிக்கிற நாற்பது வீட்டிலும் ஒரு பிள்ளை இருக்கிறது. “உடம்பு சரியில்லை, இன்று விடுப்பு” என்பதே போதும்.

பிள்ளை திரும்பப் போகும் நாளில் எழுத்தில் கொடுக்க வேண்டும். நான் எழுதிக் கொடுப்பது இப்படி இருக்கும்:

“மதிப்பிற்குரிய வகுப்பாசிரியர் அவர்களுக்கு, ஏழாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் படிக்கும் என் மகள் உடல்நலக் குறைவால், மருத்துவர் ஆலோசனைப்படி, இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை ஆறு நாள்கள் பள்ளிக்கு வர இயலவில்லை. மருத்துவச் சான்று இணைத்துள்ளேன். இந்த நாள்களுக்கு விடுப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். உடல்நலம் குறித்து ஏதேனும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தால் கீழுள்ள எண்ணில் என்னை அழைக்கவும். வகுப்பில் மாணவியிடம் கேட்க வேண்டாம் என்று அன்புடன் வேண்டுகிறேன்.”

கடைசி இரண்டு வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதைப் படித்த பிறகு அநேகமாக எந்த டீச்சரும் வகுப்பில் பிள்ளையை எழுப்பி நிறுத்திக் கேட்பதில்லை. பெயரையும் பிரிவையும் தெளிவாக எழுதுங்கள், தேதியை எண்ணில் எழுதுங்கள், கையெழுத்துக்குக் கீழே அப்பாவா, அம்மாவா, பாட்டியா என்று குறியுங்கள். கொடுப்பதற்கு முன் ஒரு நகல் எடுத்து வீட்டில் ஒரு ஃபைலில் போடுங்கள். மார்ச் மாதம் “நீங்க லெட்டரே குடுக்கலையே” என்று கேட்டால் அந்த நகல்தான் பேசும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாக ஒன்று. மாதவிலக்கு வலியால் லீவு என்றால் “உடல்நலக் குறைவு” என்பதே முழு உண்மை. அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வயசுக்கு வந்து வீட்டில் உட்கார வைத்திருக்கும்போது “சடங்கு” என்று லெட்டரில் எழுதச் சொல்கிறார்கள். நான் பிள்ளையைக் கேட்காமல் எழுத மாட்டேன். ஒரு தடவை ஒரு அப்பா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற அவர் மகள் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வார்த்தை வரும் இடத்தில் நிறுத்தி, “குடும்ப விசேஷம்னு போடவாம்மா?” என்று கேட்டேன். வேகமாகத் தலையாட்டினாள்.

மெடிக்கல் சர்டிஃபிகேட்

எத்தனை நாளைக்கு மேல் சர்டிஃபிகேட் வேண்டும் என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். எங்கள் பக்கம் பெரும்பாலும் மூன்று நாள் தாண்டினால் கேட்கிறார்கள். பள்ளி டைரியின் முதல் சில பக்கங்களில் அச்சடித்திருப்பார்கள். ஜூன் மாதமே ஒரு தடவை படித்துவிடுங்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய நேரம் சிகிச்சை நடக்கும்போதுதான். குணமாகி மூன்று வாரம் கழித்துப் போய் “போன மாசத்துக்கு எழுதிக் குடுங்க” என்றால் நேர்மையான டாக்டர் தயங்குவார், தயங்குவதுதான் சரி. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிப்படி, தான் கொடுத்த சர்டிஃபிகேட்டுகளுக்கு டாக்டர் ஒரு பதிவேடு வைக்க வேண்டும், பிள்ளையின் அங்க அடையாளத்தைக் குறிக்க வேண்டும், தன் பதிவு எண்ணைப் போட வேண்டும். பொய்ச் சான்று கொடுத்தால் அவர் மேல் நடவடிக்கை எடுக்கலாம். அதே விதி நமக்கு ஒரு உரிமையும் தருகிறது. சிகிச்சை ஆவணங்களை நாம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி தொலைந்துபோனவர்கள் இதைச் சொல்லிக் கேட்கலாம்.

சர்டிஃபிகேட் வாங்கியதும் அங்கேயே நின்று நாலு விஷயம் பாருங்கள்: பிள்ளையின் பெயர் பள்ளியில் உள்ளபடி இருக்கிறதா, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை ஓய்வு என்று இருக்கிறதா, டாக்டரின் பதிவு எண் தெரிகிறதா, சீல் மங்காமல் விழுந்திருக்கிறதா. என் கடையில் பாதிப் பேர் திரும்ப ஆஸ்பத்திரிக்கு ஓடுவது இரண்டாவது விஷயத்துக்காகத்தான். ஓய்வு தொடங்கிய தேதி இருக்கும், முடிந்த தேதி இருக்காது.

நோயின் பெயர் எழுதும் இடத்தில் என்ன போடுவது? அந்த விதிகளோடு உள்ள மாதிரிப் படிவத்தில் நோயைக் குறிக்க ஒரு இடம் இருக்கிறது. அதனால் டாக்டர்கள் வழக்கமாக எழுதிவிடுகிறார்கள். “சார், இது ஸ்கூலுக்குப் போற காகிதம். ‘என் சிகிச்சையில் இருக்கிறார், இத்தனை நாள் ஓய்வு தேவை’ன்னு மட்டும் எழுத முடியுமா?” என்று கேளுங்கள். கேட்டால் பல பேர் எழுதித் தருகிறார்கள். ஆனால் வேறு நோயின் பெயரைப் போடச் சொல்லாதீர்கள். வலிப்பை டைஃபாய்டு என்று எழுத வைத்தால் அது பொய். நாளைக்கு ஒரு அவசரத்தில் பிள்ளைக்கே அது ஆபத்தாகிவிடும். குறைவாகச் சொல்ல நமக்கு உரிமை உண்டு, தப்பாகச் சொல்ல இல்லை.

சில காகிதங்களில் நோயின் பெயரே தேவையில்லை, தலைப்பே சொல்லிவிடும். ஆஸ்டின்பட்டி நெஞ்சக நோய் ஆஸ்பத்திரியின் சீல் இருந்தால் போதும், டி.பி. என்று மதுரையில் யாரும் புரிந்துகொள்வார்கள். மனநலப் பிரிவின் ஓ.பி. சீட்டும் அப்படித்தான். இந்த மாதிரிக் காகிதத்தை ஆபீஸ் ஃபைலில் விட்டுவிட்டு வராதீர்கள். ஹெச்.எம். அறைக்கு நேரில் போய் அசலைக் காட்டிவிட்டுக் கையோடு வாங்கி வாருங்கள். இல்லையென்றால், விவரம் தெரிந்த உங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரையோ குடும்ப டாக்டரையோ பார்த்து, அவர் பரிசோதித்து அவருடைய தாளில் சான்று தருவாரா என்று கேளுங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரிதான் கையில் இருக்கிறது, அதைத்தான் கேட்கிறார்கள் என்றால் நான் கடையில் செய்வதைச் செய்யுங்கள். ஒரு வெள்ளைத் தாளை விரல் அகலத்துக்குக் கிழித்து, நோயின் பெயர், பரிசோதனை முடிவு, மாத்திரைப் பெயர்கள் வரும் வரிகளின் மேல் வைத்து நகல் எடுப்பேன். ஆஸ்பத்திரி பெயர், பிள்ளையின் பெயர், சேர்ந்த தேதி, வீட்டுக்குப் போன தேதி, கையெழுத்து, சீல் எல்லாம் அப்படியே தெரியும். மாத்திரைப் பெயரையும் மறைக்கச் சொல்வது, இன்றைக்கு யாரும் அதை ஃபோனில் போட்டுப் பார்த்தால் நோய் தெரிந்துவிடும் என்பதால்தான். நகலின் ஓரத்தில் பேனாவால் எழுதுங்கள்: “நோய் விவரம் மறைக்கப்பட்ட நகல். அசல் தலைமையாசிரியர் பார்வைக்குக் காட்டப்படும்.” இந்த வரி முக்கியம். நாம் எதையும் திருத்தவில்லை, மறைத்திருக்கிறோம் என்பதை நாமே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம்.

அம்மை

அம்மை போட்டால் நம் ஊரில் பாதி வீடுகளில் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. வாசலில் வேப்பிலை செருகி, மாரியம்மன் வந்திருக்கிறாள் என்று வீட்டைச் சுத்தமாக வைத்து, மூன்று தண்ணி ஊற்றிய பிறகுதான் பிள்ளையை வெளியே விடுவார்கள். பத்து, பன்னிரண்டு நாள் ஆகிவிடும். பிறகு பள்ளியில் சர்டிஃபிகேட் கேட்டால் கையில் ஒன்றும் இருக்காது. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி கொடுத்துப் பத்தியம் இருக்கும் வீடுகளுக்கும் இதே சங்கடம்.

வழக்கத்தை விடச் சொல்லவில்லை. முதல் இரண்டு நாளுக்குள் டாக்டருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஆஸ்பத்திரிக்கு நேரில் போனால் முன்கூட்டியே அம்மை என்று சொல்லித் தனியாக உட்காருங்கள். அங்கே கர்ப்பிணிகள் இருப்பார்கள். பார்த்த அன்றே சீட்டு வாங்கிவிட்டால் பிறகு தொல்லை இல்லை. காமாலையில் ரத்தப் பரிசோதனையும் அவசியம், கல்லீரல் எந்த நிலையில் இருக்கிறது என்று கண்ணைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

இங்கே நான் மேலே சொன்னதற்கு நேர்மாறாக ஒன்று சொல்கிறேன். வகுப்பில் சட்டென்று பரவும் தொற்று நோய் என்றால் பள்ளிக்கு நோயின் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். அம்மை, மணல்வாரி (தட்டம்மை), பொன்னுக்கு வீங்கி, மெட்ராஸ் ஐ எல்லாம் இதில் சேர்ந்தவை. வகுப்பில் இன்னொரு பிள்ளை வேறு சிகிச்சையில் எதிர்ப்பு சக்தி குறைந்து இருக்கலாம். கர்ப்பமாக இருக்கும் டீச்சருக்கு அம்மை மிகவும் ஆபத்து. நீங்கள் ஹெச்.எம்.மிடம் சொல்லுங்கள், அவர் மற்ற பெற்றோருக்கு “வகுப்பில் ஒரு பிள்ளைக்கு அம்மை, உங்கள் பிள்ளைகளைக் கவனியுங்கள்” என்று பெயர் இல்லாமல் சொல்லட்டும். அப்படிச் செய்யும்படி நீங்களே கேளுங்கள். அம்மைக் கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை பிள்ளையை அனுப்பக் கூடாது. பொன்னுக்கு வீங்கிக்கு வீக்கம் தொடங்கியதிலிருந்து ஐந்து நாள், மணல்வாரிக்குத் தடிப்பு வந்ததிலிருந்து நாலு நாளாவது வீட்டில் வையுங்கள்.

பாதுகாப்புக் காகிதம்

வலிப்பு, ஆஸ்துமா, சிறு வயது சர்க்கரை, கடலை ஒவ்வாமை போன்றவை உள்ள பிள்ளைகளுக்கு இது கட்டாயம். ஒரே பக்கம், ஒட்டிய கவரில். கவரின் மேல் பிள்ளையின் பெயரும் “தலைமையாசிரியர், வகுப்பாசிரியர், உடற்கல்வி ஆசிரியர் மட்டும்” என்றும் எழுதுங்கள். பி.டி. சாரை மறந்துவிடாதீர்கள், பிள்ளை மயங்கி விழுவது பெரும்பாலும் அவர் கண் முன்னால்தான்.

என் மகளுக்கு நான் எழுதியது இவ்வளவுதான். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் சாவியோ இரும்போ வேண்டாம், கை காலை அழுத்திப் பிடிக்க வேண்டாம். மணி பாருங்கள். ஐந்து நிமிஷம் தாண்டினால் 108, பிறகு என் எண். முழித்ததும் கொஞ்ச நேரம் குழப்பமாக இருப்பாள், பக்கத்தில் ஒருவர் இருங்கள், மற்ற பிள்ளைகளைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். எட்டாம் வகுப்பில் ஒரு தடவை பள்ளியில் வந்தது. பி.டி. சார் காகிதத்தில் இருந்தபடியே செய்து, மூன்று நிமிஷம் என்று மணி பார்த்து எனக்கு ஃபோன் பண்ணினார்.

இன்சுலின் போடும் பிள்ளைகளுக்கு, வகுப்பு நேரத்தில் சர்க்கரை பார்க்கவும் ஊசி போடவும் இடையில் ஏதாவது சாப்பிடவும் விட வேண்டும் என்று தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. டாக்டரின் சீட்டை இந்தக் கவரில் வையுங்கள்.

எச்.ஐ.வி. பற்றிச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கும் பெற்றோர் என் கடைக்கும் வந்திருக்கிறார்கள். 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. எச்.ஐ.வி. இருப்பதை வெளியே சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, அதைக் காரணம் காட்டிப் படிப்பை மறுக்கவும் முடியாது. பிள்ளை விஷயத்தில் சம்மதம் பெற்றோருடையது. பள்ளிக்கு இதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. மனநலச் சிகிச்சைக்கும் 2017இலேயே வந்த தனிச் சட்டம் ரகசியம் காக்கும் உரிமையைத் தருகிறது. ஹைகோர்ட் கிளைக்குப் போகும் வழியில் என் கடையில் நகல் எடுக்கும் ஒரு வக்கீலம்மாதான் இவற்றை எனக்கு நிதானமாக விளக்கினார். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து சொன்னதையும் அவர்தான் சொன்னார்.

75 சதவீதக் கணக்கு

நீண்ட நாள் சிகிச்சை என்றால் இதைக் கவனியுங்கள். சி.பி.எஸ்.இ.யில் பத்தும் பன்னிரண்டும் படிப்பவர்களுக்கு 75 சதவீத வருகை வேண்டும், ஜனவரி 1 வரை கணக்கெடுக்கிறார்கள். 200 வேலை நாள் என்று வைத்தால் 50 நாள் வரை தாங்கும். அதற்கு மேல் போனால் மருத்துவ ஆவணங்களோடு பள்ளி வழியாக போர்டின் மண்டல அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அங்கே மறைத்த நகல் செல்லாது, முழு ஆவணமும் கொடுக்க வேண்டியிருக்கும். ஒட்டிய கவரில் பள்ளி முதல்வர் கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். மாநிலப் பாடத்திட்டப் பள்ளி என்றால் நாள் குறைகிறது என்று தெரிந்த உடனேயே ஹெச்.எம்.மைப் பாருங்கள், அரையாண்டு வரை காத்திருக்காதீர்கள். எட்டாம் வகுப்புக்குள் இருக்கும் பிள்ளையை நீண்ட நாள் வரவில்லை என்று பள்ளியை விட்டு நீக்க முடியாது. 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டம் அதைத் தடுக்கிறது.

விஷயம் வெளியே போய்விட்டால்

டீச்சர் சர்டிஃபிகேட்டைப் படம் எடுத்துக் குரூப்பில் போட்டுவிட்டார், அல்லது வகுப்பில் சொல்லிவிட்டார் என்றால் சண்டைக்குப் போகும் முன் எழுத்தில் கொடுங்கள். ஹெச்.எம்.முக்கு அரைப் பக்கம்: என்ன நடந்தது, எந்தத் தேதி, படத்தை நீக்க வேண்டும், பிள்ளையைப் பற்றி வகுப்பில் இனி பேசக் கூடாது. நகலில் பள்ளி சீல் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் இல்லை என்றால் மாவட்டக் கல்வி அலுவலர், அதற்கு மேல் முதன்மைக் கல்வி அலுவலர். கல்வித் துறை உதவி எண் 14417. கேலியும் அவமானமும் பிள்ளையை வாட்டுகிறது என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. மேலே சொன்ன கட்டாயக் கல்விச் சட்டமே பிள்ளையை மனதளவில் வதைப்பதையும் தடை செய்கிறது. என் மகளுக்காக நான் இதில் எதையும் அன்றைக்குச் செய்யவில்லை, தெரியாது. டீச்சரைத் தனியாகப் பார்த்து அந்தச் சாவிக்கொத்தைக் காட்டினேன். அவர் அழுதுவிட்டார். அடுத்த வாரம் வகுப்பில் நோயாளி பெயர் எதுவும் சொல்லாமல் வலிப்பு முதலுதவியைப் பாடமாகவே நடத்தினார். அதன் பிறகுதான் மகள் பள்ளிக்குப் போனாள்.

கடைசியாக என் தொழில் சம்பந்தமாக. ஆஸ்பத்திரிக் காகிதத்தைக் கடை எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி பிரிண்ட் எடுக்கிறீர்கள். எடுத்து முடித்ததும் கடைக்காரரிடம் ஃபோனிலிருந்தும் கம்ப்யூட்டரிலிருந்தும் அழிக்கச் சொல்லுங்கள், அழிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள், நீங்களும் ‘அனைவருக்கும் நீக்கு’ கொடுங்கள். கறுப்பாக விழுந்த நகல், கோணலாக விழுந்த நகல் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக் கிழித்துப் போடுங்கள். அந்தத் தாள்களின் பின்பக்கத்தில்தான் பல கடைகளில் கணக்கு எழுதுகிறோம், வடைக்கும் அதுதான் போகிறது. காசு கொடுத்துக் கிளம்பும் முன் மெஷினின் மூடியை ஒரு தடவை தூக்கிப் பாருங்கள். வாரத்துக்கு இரண்டு அசல் என் கண்ணாடி மேல் கிடக்கிறது. அடுத்து வருகிறவர் மூடியைத் தூக்குவதற்குள் நான் எடுத்து மேஜை டிராயரில் பூட்டி வைக்கிறேன்.